வருட அட்டைக்காரர்களின் காலை நேரம்

சிங்கப்பூரின் ஜூரோங்கிலிருந்த எங்கள் மூன்றறை வீட்டில் விருந்தினரை உட்கார வைக்க இடமில்லாததால், அப்பா ஒரு பூங்காவையே வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்று அம்மா கேலி செய்வதுண்டு. உண்மையில் அப்பா எடுத்திருந்தது வருட அட்டை. எழுபதுகளில், நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வட்டாரத்துக்கு அருகே ஒரு கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். வெட்டி உண்டாக்கிய ஓர் ஏரி, அதில் மிதிபடகுகள், ஏரியைச் சுற்றிவரும் குட்டி ரயில், குதிரை ராட்டினம், தேநீர்க் கோப்பை வடிவத்தில் சுழலும் இருக்கைகள் என்று அதில் இருந்தவை அவ்வளவே. இன்றைய பூங்காக்களைப் பார்த்துப் பழகியவர்கள் அதற்குப் பூங்கா என்ற பெயரைக் கொடுக்கவே தயங்குவார்கள். கப்பல் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இடத்தில் வளர்ந்த எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்பா ஒரு கப்பல் பட்டறையில் பண்டகசாலையைக் கவனித்துவந்தார். தம் கண்ணால் பார்க்காத ஒரு திருகாணிக்குக்கூட வந்து சேர்ந்தது என்று கையெழுத்திட மாட்டார். வேடிக்கை விளையாட்டுகளில் நாட்டமில்லாத அந்த மனிதர் கேளிக்கைப் பூங்காவுக்கு வருட அட்டை வாங்கியது எங்களுக்கே வியப்பாக இருந்தது. அட்டையோடு வந்த துண்டுத்தாளை அவர் வாசலில் நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு அம்மாவிடம், "நம்மள 'மதிப்புக்குரிய விருந்தினர்'னு போட்டிருக்கான்" என்றார். அந்தச் சொற்றொடர்தான் அவரைக் கவர்ந்திருக்க வேண்டும். பட்டறையில் யாரும் அவரை அப்படி அழைத்திருக்க வாய்ப்பில்லை.

முதல் ஆண்டின் சலுகைகள் தாராளமானவை. எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு விருந்தினரை உடன் அழைத்துச் செல்லலாம். ஆளுக்கு ஒரு குவளை பண்டோங், அதாவது ரோஜாச் சாறு கலந்த பால், பனிக்கட்டி மிதக்கக் கிடைக்கும். குட்டி ரயிலில் ஒரு சுற்று இலவசம். இவற்றுக்கெல்லாம் மேலாக, விடுமுறை நாள்களில் பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் முன்பே, ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரை, அட்டைக்காரர்கள் மட்டும் உள்ளே உலாவலாம்.

ஆகவே, ஈப்போவிலிருந்து வந்த சித்தப்பாவும் ஜொகூரிலிருந்து வந்த அத்தையும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய அப்பாவின் உறவினரும் எங்கள் வீட்டில் பார்த்ததைவிட எங்களை அந்தப் பூங்காவில்தான் அதிகம் பார்த்தார்கள். அம்மா தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் கட்டி எடுத்துவருவார். ஏரிக்கரையில் பாய் விரித்து, எங்களுக்குச் சொந்தமான இடத்தில் பரிமாறுவது போலவே பரிமாறுவார். கப்பலில் வந்த உறவினர் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள் வெச்சிருக்கீங்க?" என்று அப்பாவிடம் உண்மையாகவே கேட்டார். அம்மா புடைவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

சலுகைகள் அப்படியே நீடிக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அட்டையைப் புதுப்பிக்கும்போது துண்டுத்தாளில் ஏதேனும் ஒரு வரி மாறியிருக்கும். கண்ணாடிக் குவளை காகிதக் குவளையாயிற்று. பிறகு பண்டோங்குக்குத் தள்ளுபடி மட்டும் என்றாயிற்று. குட்டி ரயில் வேலை நாள்களில் மட்டுமே இலவசம் என்றார்கள். வேலை நாளில் யார் ரயில் ஏறப் போகிறார்கள்? வெளியுணவுக்கு அனுமதியில்லை என்ற பலகை வந்த நாளில் நாங்கள் தக்காளிச் சோற்றைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எடுத்துக்கொண்டவற்றுக்கு ஈடாக ஓர் ஆண்டு நாள்காட்டி கொடுத்தார்கள். இன்னோர் ஆண்டு, பூங்காவின் படம் அச்சிட்ட குடை.

"குடையைக் குடுத்துட்டு ரயிலைப் புடுங்கிட்டான்" என்று அம்மா சொன்னார்.

"விருந்தாளின்னு பேர் வெச்சிருக்காங்க. விருந்தாளி போற வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது" என்றார் அப்பா.

"காசு குடுத்த விருந்தாளி சொல்லலாம்."

அம்மாவின் வாதமே வலுவானது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அப்பா தொடர்ந்து புதுப்பித்துவந்ததற்குக் காரணம் அந்தக் காலை நேரம். அது மட்டும் மாறவில்லை. கூட்டம் வருவதற்கு முந்தைய பூங்கா வேறோர் இடம். பாதைகளில் தென்னந் துடைப்பத்தின் கீறல்கள் இருக்கும். படகுகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டு மெல்ல இடித்துக்கொண்டிருக்கும். பணியாளர் ஒருவர் எண்ணெய் ஊற்றிச் சோதிப்பதற்காகக் குதிரை ராட்டினத்தைச் சுழல விடுவார். ஆளேறாத குதிரைகள் இசையில்லாமல் ஏறி இறங்கிச் சுற்றும். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று அதைப் பார்ப்பார்.

எனக்குத் திருமணமாகி நான் தேக்காவுக்கு அருகே, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டு மாடிக்குக் குடிபோனேன். குடும்பத்தார் படங்கள் ஒட்டிய அட்டையிலிருந்து என் படம் நீங்கி, அங்கே போகும்போது விதிப்படி நானும் விருந்தினர் ஆனேன்; ஆனால் வாசலில் இருந்தவர்கள் என்னை விருந்தினர் கணக்கில் சேர்த்ததில்லை. என்னைவிட மூன்று வயது இளைய தங்கை மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு பெற்றோருடன் இருந்தாள். எண்பதுகளின் நடுவில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள்.

முதலில் இரண்டு குடும்பங்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்த்தன. எங்கள் வீட்டில் நாற்காலிகள் போதாமல் அம்மா அண்டை வீடுகளில் கேட்டு வாங்கினார். விடுமுறை நாளில் ஒரு தமிழ் வீட்டில் திடீரென்று ஆறு நாற்காலிகள் தேவைப்பட்டால் அதன் பொருள் என்ன என்று அந்தத் தளத்தில் இருந்த சீனக் குடும்பங்களுக்கும் மலாய்க் குடும்பங்களுக்கும்கூடத் தெரியும். இரண்டு முறையும் வேண்டாம் என்று பதில் வந்தது. அதன்பின் நாற்காலி கொடுத்தவர்கள் மின்தூக்கியில் தங்கையைப் பார்க்கும்போதெல்லாம் கனிவோடு புன்னகைத்தார்கள். அவளால் தாங்க முடியாமற்போனது அந்தக் கனிவைத்தான்.

மூன்றாவது வரனைப் பற்றி அப்பாவின் நண்பர் சொல்லியனுப்பியபோது தங்கை தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"வீட்டுல வேணாம்ப்பா. தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். வேற எங்கயாச்சும் பாப்போம், நான் அவர்கிட்ட பேசணும். பிடிக்கலன்னா வேணாம்னு சொல்லுவேன். ஒரு குருவிக்கும் தெரியக் கூடாது."

"பொண்ணு வேணாம்னு சொல்றதா?" என்றார் அம்மா.

"ரெண்டு தடவை அவங்க சொன்னாங்கல்ல? கேட்டுக்கிட்டோம்ல?"

எனக்கும் அந்தக் கேள்வி புதியது. என்னைப் பார்க்க வந்தபோது நான் தட்டைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. எனக்கு வாய்த்தவர் நல்லவர். அது என் அதிர்ஷ்டமேயன்றி என் தேர்வு அல்ல. தங்கை கேட்டது அதிர்ஷ்டத்தை அல்ல. வேண்டாம் என்று சொல்ல இடமுள்ள ஒரு சந்திப்பை.

அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, பூங்கா என்றார். அட்டைக்கு இரண்டு விருந்தினர். மாப்பிள்ளை வீட்டிலும் வருபவர்கள் இருவரே: கேலாங்கில் குடியிருந்த ஒரு தாயும் மகனும். தந்தை இறந்துவிட்டார். மகன் தொழிற்சாலையொன்றில் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர். அந்த அம்மா ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு இராகு காலம் தொடங்குவதற்குள் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட வேண்டும். பொது விடுமுறையாக வந்த ஒரு வெள்ளிக்கிழமையும் அட்டைக்காரர்களின் காலை நேரமும் இதற்கென்றே அமைந்தவை போலப் பொருந்தின. "பாத்தியா, வருஷா வருஷம் புதுப்பிச்சது வீண் போகல" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

அன்று காலை நான் தேக்காவில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தேன். தங்கை அதிலிருந்து ஒரு விரற்கடை நீளம் மட்டும் கிள்ளி வைத்துக்கொண்டாள். "முழுசா வெச்சா பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கும்" என்றாள். வெளிர்நீலப் பருத்திச் சேலை, வேலைக்குக் கட்டிப்போவது. அம்மா அதைப் பற்றி எதுவும் சொல்லாமலிருக்க மிகவும் பாடுபட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த பேருந்து தாமதம். அவர்கள் இறங்கியபோது மணி பத்தை நெருங்கிவிட்டது. அந்த அம்மா பட்டுச்சேலையில், கையில் பழப்பையுடன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். மகன் உயரம், கட்டம் போட்ட சட்டை. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா, "உள்ள போயிடலாம்லா, நேரம் ஆகுது" என்றார். எல்லாரும் வாசலை நோக்கி நடந்தோம். அம்மா முதலில் போனார். சுழலும் இரும்புக் கம்பி அவரை உள்ளே விட்டுக் கடகடவென்று ஓசையிட்டு நின்றது.

வாசலில் இருந்தவர் ஒரு மலாய் மாது. எங்களைப் பல ஆண்டுகளாக அறிந்தவர். அன்று அவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். இந்த மாதத்திலிருந்து விதி மாறிவிட்டது என்று அப்பாவிடம் மலாயில் சொன்னார். காலை நேரத்தில் விருந்தினருக்கு அனுமதியில்லை; அட்டைக்காரரும் குடும்பத்தாரும் மட்டும். விருந்தினர் பத்தரைக்கு மேல் வரலாம். அறிவிப்பு ஒட்டியிருக்கிறதே என்று டிக்கெட் சாளரத்தைக் காட்டினார். அங்கே, கண்ணாடியின் உட்புறத்தில், ஒரு தாள் இருக்கத்தான் செய்தது. வருட அட்டை வைத்திருப்பவர் எவரும் டிக்கெட் சாளரத்தின் பக்கம் போவதே இல்லை என்பதை அதை ஒட்டியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த மாதுக்கும் எங்களைத் திருப்பியனுப்ப மனமில்லை. சட்டென்று குரலைத் தாழ்த்தி, "செமுவா கெலுவார்கா?" என்றார். எல்லாரும் குடும்பந்தானே என்பது கேள்வி. அதில் ஒரு வழியும் இருந்தது. அவர் விரலால் ஒவ்வொருவராகச் சுட்டத் தொடங்கினார். என்னைக் காட்டினார், மகள் என்றார் அப்பா. தங்கையைக் காட்டினார், மகள். பிறகு விரல் கட்டம் போட்ட சட்டையில் வந்து நின்றது.

"மெனாந்து?"

மருமகனா என்று கேட்டார். அந்தச் சொல் அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

ஆமாம் என்றால், வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில், பெண்ணின் தகப்பன் பையனின் தாய் காதுபட மருமகன் என்று சொன்னதாகிவிடும். அதற்குப் பிறகு தங்கையின் நிபந்தனைக்கு என்ன மதிப்பு? எங்கள் மனிதர்களிடையே அப்படிச் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுவது பேசி முடித்த சம்பந்தத்தை முறிப்பதற்குச் சமம். இல்லை என்றால், ஒரு நல்ல காரியத்தின் வாசலில் முதல் வார்த்தையாக 'இல்லை' என்று சொன்னதாகிவிடும். வந்தவர்களை வெயிலில் நிறுத்தி, இராகு காலத்தில் உள்ளே அழைத்துப் போனதாகவும் ஆகும்.

"சொல்லிடுங்களேன்" என்று கம்பிக்கு அப்பாலிருந்து அம்மா மன்றாடினார்.

"ஆமான்னு சொல்லுங்கண்ணே. ஒரு வார்த்தைதானே? நாளைக்கு ஆகப்போறதுதானே?" என்று மாப்பிள்ளையின் தாய் சிரித்தார். அவர் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் அப்பாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமில்லை. மின்தூக்கியில் பிறர் புன்னகைக்கும்போது அவள் முகம் எப்படி இறுகுமோ அப்படி இறுகிக்கொண்டிருந்தது.

"புக்கான், மாச்சிக்" என்றது ஒரு குரல். இல்லையம்மா. சொன்னவர் கட்டம் போட்ட சட்டைக்காரர். நாங்கள் குடும்பமில்லை, இவர்களுக்குத் தெரிந்தவர்கள், வெளியே காத்திருக்கிறோம் என்று அமைதியாக மலாயில் சொல்லிவிட்டு, வரிசையிலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"என்னடா இது! நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல எடுத்த எடுப்புல இல்லைங்கறே!"

"உள்ளதைத்தானேம்மா சொன்னேன்."

"உள்ளதைச் சொல்ற நேரமாடா இது?"

தங்கையும் வரிசையை விட்டு வெளியே வந்தாள். "நாம வெளியவே உக்காரலாம்ப்பா" என்றாள். அப்பா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

உள்ளே அகப்பட்டுக்கொண்டவர் அம்மா ஒருவர்தான். அந்தக் கம்பி ஒரு திசையில் மட்டுமே சுழலும்; வெளியேறும் வழி ஏரிக்கு அப்பால், மறுகோடியில். "நான் சுத்திட்டு வர்றேன், அதுக்குள்ள எதுவும் பேசி முடிச்சிராதீங்க!" என்று கூவிவிட்டு அவர் ஏறக்குறைய ஓடினார். தன் மகளைப் பெண் பார்க்கும் வைபவத்தின் பெரும் பகுதியை அவர் வாத்துகளுடன் கழித்தார்.

வாசலுக்கு எதிரே, சுற்றுலாப் பேருந்துகள் நிற்குமிடத்தில், ஒரு பானக்கடையும் சில நெகிழி நாற்காலிகளும் இருந்தன. அவற்றை யாரிடமும் கடன் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் பெரியவர்கள் உட்கார்ந்தோம். அவர்கள் இருவரும் உட்காராமல் வேலியோரம் நிழலிருந்த பக்கமாக நடந்தார்கள். காற்று எங்கள் பக்கம் வீசியதால் தொடக்கம் மட்டும் என் காதில் விழுந்தது.

"ஏன் இல்லன்னு சொன்னீங்க?" என்றாள் தங்கை.

"உங்களக் கேக்காம ஆமான்னு எப்படிச் சொல்றது?"

"உங்கம்மாவுக்குக் கோவம்."

"அது பஸ்ல வரும்போதே ஆரம்பிச்சிருச்சு. இந்தச் சட்டைய போட்டதுக்கு."

அவள் சிரித்தது முதுகிலேயே தெரிந்தது. பிறகு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த பேருந்து ஒன்று வந்து நின்றது, வேறெதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய் கைக்கடிகாரத்தையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரை ஆனதும் அவர் என் பக்கம் சாய்ந்து, "பேச ஆரம்பிச்சது முன்னாடியேதான், இல்ல?" என்று கேட்டார். முன்னாடியேதான் என்றேன். "அப்ப சரி" என்று பழப்பையைப் பிரித்து எனக்கு ஓர் ஆரஞ்சைக் கொடுத்தார். அப்பா டிக்கெட் சாளரத்துக்குப் போய் அந்த அறிவிப்பை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். அம்மா வியர்த்து விறுவிறுத்து மறுபக்கத்திலிருந்து வந்து சேர்ந்தபோது வந்தவர்கள் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள்.

கட்டம் போட்ட சட்டைக்காரர் பிற்காலத்தில் என் தங்கைக்குக் கணவரானார் என்பதை இங்கே மறைத்துவைப்பதில் பயனில்லை. ஆனால் அன்று வீடு திரும்பும் பேருந்தில் அது எங்களில் யாருக்கும் தெரியாது. தங்கைக்கும் தெரியாது.

"என்ன சொல்ற?" என்றார் அம்மா.

"தெரியலம்மா."

"தெரியலன்னா? பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?"

"ஒரு மணி நேரத்துல எப்படித் தெரியும்? இன்னொரு தடவை பேசணும்."

வேண்டும் அல்லது வேண்டாம். இரண்டே பதில்களை அறிந்த ஒரு வழக்கத்தில் இது மூன்றாவது பதில். அப்படியொன்றைப் பெண் வீட்டார் சொல்லியனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "அந்தம்மா என்ன நெனைப்பாங்க? ஏற்கெனவே வாசல்ல நின்னதுக்கே..."

பதில் சொல்ல இரண்டொரு நாள் அவகாசம் எடுத்துக்கொள்வதுதான் முறை. அப்பா அன்று மாலையே தொலைபேசியின் முன்னால் போய் நின்றார். நான் இன்னும் தேக்காவுக்குத் திரும்பியிருக்கவில்லை. சமையலறை வாசலில் தங்கை நின்றாள். அவளுக்குப் பின்னால் அம்மா. அப்பா எண்ணைச் சுழற்றிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்ணோட அப்பா பேசறேம்மா... ஆமா, நல்லபடியா வந்து சேந்துட்டோம். ஒண்ணு சொல்லணும். எம் பொண்ணு இன்னொரு தடவை பேசிட்டுத்தான் பதில் சொல்லுவேங்கறா. எனக்கும் அது சரின்னுதான் படுது. உங்களுக்கு வருத்தம் இருந்தா சொல்லிடுங்க."

மறுமுனையிலிருந்து அந்த அம்மாவின் குரல் கருவியைத் தாண்டி எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இவனும் அதேதான்லா சொல்லிட்டு உக்காந்திருக்கான். காலம் எப்படிப் போவுதுன்னு பாருங்கண்ணே. சரி, பேசட்டும். ஆனா அந்தப் பூங்கா மட்டும் வேணாம். இந்தத் தடவை கதவில்லாத எடமாப் பாத்துச் சொல்லுங்க."

அப்பா கருவியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். "கதவில்லாத எடம் கேக்கறாங்க."

"பீச்" என்றாள் தங்கை.

"என்னைக்கு?"

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை; என்னையும் பார்க்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள்.

"அத நீயே சொல்லு" என்று அப்பா அதை அவளிடம் நீட்டினார்.